அரராட்: சட்டங்கள் வளர்த்த ஒரு கிராமிய நகரம்

விக்டோரியா மாநிலத்தில் 79 உள்ளூராட்சிச் சபைகள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை 'சிற்றி' அல்லது 'ஷயர்' என்னும் பெயரைத் தாங்கியவை. குவீன்ஸ்கிளிஃப் மட்டும் 'பரோ' என்ற பழம்பெயரை இன்றுவரை காத்து வருகின்றது. எஞ்சிய ஆறு சபைகள் 'றூரல் சிற்றி', அதாவது கிராமிய நகரம், என்று அழைக்கப்படுகின்றன. அவை அரராட், பெனல்லா, ஹோர்ஷம், மில்டூரா, சுவான் ஹில், வங்கராட்டா என்பனவாம். ஒரு நகரத்தையும் அதனைச் சூழ்ந்த பரந்த வேளாண் நிலங்களையும் சிற்றூர்களையும் ஒரே சபையின் கீழ்க் கொண்டுவந்தபோது வழங்கப்பட்ட பெயர் இது. அரராட்டைப் பொறுத்தவரை இவ்விணைப்பு 1994இல் நடந்தேறியது.

இவ்வாறு நகரங்களில் மிகச் சிறியவற்றுள் ஒன்று அரராட். மெல்பேணிலிருந்து மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவில், வெஸ்டேர்ண் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. கிராம்பியன்ஸ் மலைக்குச் சுற்றுலா செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் எரிபொருள் நிரப்பவும் தேநீர் அருந்தவும் மட்டுமே இங்கு வாகனத்தை நிறுத்துவதுண்டு. ஆயினும் குடிவரவு, வதிவுரிமை, குடிசனத் தொகை ஆகியவற்றைப் பற்றிய சட்டங்கள் ஓர் ஊரை எவ்வாறு உருவாக்கும், எவ்வாறு சுருக்கும் என்பதை அறிய விரும்புவோருக்கு இம்மாநிலத்தில் இதனிலும் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

நிலமும் நீரும்

அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரை நெடுகிலும் நீண்டு செல்லும் பெரும் பிரிமலைத்தொடர் மேற்கு நோக்கி வளைந்து தாழ்ந்து முடிவுறும் பகுதியிலேயே அரராட் அமைந்துள்ளது. கடல் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட உயரம். கிழக்கே பிரனீஸ் குன்றுகள், மேற்கே கிராம்பியன்ஸ். பின்னையதற்கு முதற்குடி மக்கள் வழங்கிய கரிவெர்ட் என்னும் பெயரும் இப்போது அரச ஆவணங்களில் வழக்கில் உள்ளது. அம்மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரமான மவுண்ட் வில்லியம் 1,167 மீற்றர் உயரமானது. நகரின் அண்மையில் ஊற்றெடுக்கும் ஹொப்கின்ஸ் ஆறு தெற்கே சமவெளிகளைக் கடந்து வார்ணம்பூலுக்கு அருகே கடலிற் கலக்கின்றது.

ஆண்டு மழைவீழ்ச்சி 600 மில்லிமீற்றரை அண்டியது. அதிற் பெரும் பங்கு குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பொழிகின்றது. கோடை வறண்டது. ஆகவே ஆட்டுப் பண்ணைகளும் கம்பளியும், கோதுமை, வாற்கோதுமை, கனோலா முதலிய தானிய, எண்ணெய்வித்துப் பயிர்களுமே இச்சபைப் பகுதியின் வேளாண்மை. தெற்கே வில்லோரா, போலாக் ஏரி ஆகிய ஊர்களை நோக்கிச் செல்லும் சாலையில் எரிமலைச் சமவெளியின் மரமற்ற பரப்பைக் காணலாம். வடக்கிலும் கிழக்கிலும் நிலம் கற்பாங்கானது, காடு சார்ந்தது. தங்கம் கிடைத்தது இந்தப் பகுதியிலேதான்.

முதற்குடிகள்

இந்நிலத்தின் பாரம்பரிய உரிமையாளர்களில் ஜாப் வுருங் மக்கள் முதன்மையானவர்கள். அவர்கள் அலைந்து திரிந்த வேட்டுவர் மட்டுமே என்னும் கருத்து நெடுங்காலம் பாடநூல்களில் இடம்பெற்றிருந்தது. அதற்கு எதிரான சான்று ஒரு வெள்ளை அதிகாரியின் நாட்குறிப்பிலேயே உண்டு. முதற்குடிகளின் தலைமைப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டிருந்த ஜோர்ஜ் ஓகஸ்டஸ் றொபின்சன் 1841இல் மவுண்ட் வில்லியம் அடிவாரத்தைச் சுற்றிவந்தபோது, விலாங்கு மீன் பிடிப்பதற்கென வெட்டப்பட்ட வாய்க்கால்களும் அணைகளும் பல ஏக்கர் பரப்பில் வலைப்பின்னலாய் விரிந்திருக்கக் கண்டு பதிவு செய்தார். மழைக்காலத்தில் விலாங்கு எத்திசையில் நகரும் என்பதை அறிந்து, நீரை அதற்கேற்ப வழிநடத்திய அமைப்பு அது. இத்தகைய பணிகளுக்குப் பலரின் கூட்டுழைப்பும் ஆண்டுதோறும் பராமரிப்பும் தேவை. பொலாக் ஏரிப் பகுதியும் விலாங்குக் காலத்தில் பல இனக்குழுக்கள் கூடும் இடமாக விளங்கியது.

தோமஸ் மிச்செல் என்னும் நில அளவையாளர் 1836இல் இப்பகுதியைக் கடந்து சென்று அதன் புல்வெளிகளைப் புகழ்ந்து எழுதியமை மந்தைகளுடன் வந்த குடியேறிகளுக்கு அழைப்பாக அமைந்தது. அவர்களுள் ஒருவரான ஹொரேஷியோ வில்ஸ் 1840ஆம் ஆண்டையொட்டி, நெடும்பயணத்தின் பின் ஒரு குன்றின் அருகே தங்கி இளைப்பாறினார். நோவாவின் பேழை தங்கிய மலையின் பெயரையே அதற்கும் இட்டார். தமிழ் விவிலியத்தில் 'அரராத்' என வருவது இதுவே.

வில்ஸின் மகன் தோமஸ் இப்பகுதியில் ஜாப் வுருங் சிறுவர்களுடன் விளையாடி அவர்களது மொழியைப் பேசக் கற்றவர். பின்னாளில், 1859இல், மெல்பேண் உதைபந்தாட்டக் கழகத்தின் விதிகளை எழுதிய நால்வருள் ஒருவரானார். அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம் இந்த மக்களின் ஆட்டத்திலிருந்து எதையேனும் பெற்றதா என்பது ஆய்வாளரிடையே தீராத வழக்கு. ஆயினும் மொய்ஸ்டன் என்னும் சிற்றூர் அவ்வாட்டத்தின் பிறப்பிடம் தானே எனப் பெருமை கொள்வதில் தயக்கம் காட்டுவதில்லை.

குடியேற்றத்தின் முதற் சில ஆண்டுகளுக்குள்ளேயே கொலைகளாலும் நோயாலும் உணவிழப்பாலும் ஜாப் வுருங் மக்களின் எண்ணிக்கை பெருமளவு வீழ்ந்தது. எத்தனை பேர் இறந்தனர் என்பதை எந்தத் தொகை மதிப்பும் கூறாது. 1901ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, பொதுநலவாயத்தின் மக்கள் தொகையைக் கணிக்கும்போது முதற்குடிகளைச் சேர்த்துக் கணிக்கலாகாது என 127ஆம் பிரிவில் வெளிப்படையாகவே விதித்தது. 1967ஆம் ஆண்டின் பொதுசன வாக்கெடுப்பில் வாக்களித்தோரில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் இசைந்ததன் பின்னரே அப்பிரிவு நீக்கப்பட்டது. ஓர் ஊரின் பழைய மக்கள்தொகை அட்டவணையை வாசிக்கும்போது இதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நிலத்தின் மீதான உரிமைப் பிணக்கு இன்னும் முற்றுப்பெறவில்லை. புவாங்கோருக்கும் அரராட்டுக்கும் இடையே நெடுஞ்சாலையை இருவழிப் பாதையாக விரிவாக்கும் திட்டத்தின் பாதையில் ஜாப் வுருங் மக்கள் புனிதமெனப் போற்றும் முதிய மரங்கள் நின்றன. 2018இல் அங்கு எதிர்ப்பு முகாம் ஒன்று அமைக்கப்பட்டது. 2020 ஒக்டோபரில் ஒரு மரம் வெட்டப்பட்டதும் பலர் கைதானதும் நாடு முழுவதும் செய்தியாயின. அதன் பின் விக்டோரியா உச்ச நீதிமன்றம் வேலைகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அவ்வழியே செல்லும் வாகனங்கள் அகன்ற சாலையிலிருந்து திடீரெனக் குறுகிய சாலைக்குள் நுழைவதற்குக் காரணம் இதுவே.

பத்துப் பவுண் வரியும் ஒரு நெடுநடையும்

அரராட் நகரம் பிறந்த கதை ஒரு சட்டத்திலிருந்து தொடங்குகின்றது. 1851இல் விக்டோரியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதும் உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் திரண்டனர். தென்சீனத்தின் குவாங்டொங் மாகாணத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான ஆண்கள் வந்தனர். பெரும்பாலோர் உழவர், பயணச் செலவைக் கடனாகப் பெற்று, தங்கத்தை ஈட்டித் திருப்பித் தருவதாக ஏற்றுக்கொண்டு வந்தவர். ஊரில் இருந்த குடும்பமும் குலமும் அக்கடனுக்குப் பிணை.

1855இல் விக்டோரியாவின் சட்டசபை இவர்களின் வருகையைத் தடுக்கும் நோக்குடன் ஒரு சட்டத்தை இயற்றியது. அதன் மொழியைச் சற்று நின்று நோக்குவது தகும். அச்சட்டம் 'குடியேறி' என்னும் பொதுச்சொல்லைப் பயன்படுத்தி, பின்னர் அச்சொல்லுக்கு வரைவிலக்கணம் தந்தது. அதன்படி குடியேறி எனப்படுபவர் சீனத்திலோ அதன் ஆள்புலங்களிலோ சீனக் கடல் தீவுகளிலோ பிறந்த வயதுவந்த ஆண், அல்லது சீனப் பெற்றோருக்குப் பிறந்த எவரேனும். இங்கிலாந்திலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ அதே வாரம் வந்திறங்கியவர் சட்டத்தின் பார்வையிற் குடியேறி அல்லர். பிரித்தானிய ஆள்புலமொன்றில் பிறந்து பிரித்தானியக் குடிமகனாகவே வளர்ந்தவராயினும், பெற்றோர் சீனராயின் அவர் குடியேறி. ஒரு சாதாரணச் சொல்லின் பொருளை மாற்றுவதன் மூலம் ஓர் இனத்தின் பெயரை உரக்கச் சொல்லாமலே அதனைத் தனித்துப் பிரிக்கலாம் என்பதைச் சட்ட வரைஞர்கள் அக்காலத்திலேயே நன்கறிந்திருந்தனர்.

இச்சட்டம் இரு கட்டுப்பாடுகளை விதித்தது. கப்பலின் ஒவ்வொரு பத்துத் தொன் கொள்ளளவுக்கும் ஒரு சீனப் பயணியே ஏற்றப்படலாம். தரையிறங்கும் ஒவ்வொருவருக்கும் கப்பற் தலைவர் பத்துப் பவுண் வரி செலுத்துதல் வேண்டும். தலைவர் அத்தொகையைப் பயணியிடமிருந்தே அறவிடுவார் என்பது சொல்லாமலே விளங்கும். ஏலவே கடனில் வந்தவருக்கு அது கடன்மேற் கடன்.

ஆனால் ஓட்டை ஒன்று இருந்தது. வரி விக்டோரியாவின் துறைமுகங்களில் அறவிடப்படுவது. அயற் குடியேற்ற நாடான தென் அவுஸ்திரேலியாவில் அத்தகைய வரி இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையோ வேலியில்லாத காடு. ஆகவே 1857 ஜனவரி முதல் சீனப் பயணிகளை ஏற்றிய கப்பல்கள் குவிச்சென் குடாவிலுள்ள றோப் என்னும் சிறு துறைமுகத்தை நாடின. சில நூறு பேர் மட்டுமே வாழ்ந்த அவ்வூரில் அவ்வாண்டு முதல் ஏறத்தாழ 17,000 சீனர் வந்திறங்கினர் எனக் கணிக்கப்படுகின்றது. அங்கிருந்து பலராட், பெண்டிகோ தங்க வயல்களுக்கு 400 கிலோமீற்றருக்கு மேல். மூங்கிற் காவடியின் இரு முனையிலும் அரிசியும் துணியும் கருவிகளும் தொங்க, வரிசையாக, நாட்கள் வாரங்களாக நடந்தனர். வழிகாட்டிகளைப் பணம் கொடுத்து அமர்த்தினர். அவ்வழிகாட்டிகளுட் சிலர் பணத்தைப் பெற்றுக்கொண்டு இடைவழியிற் கைவிட்டு ஓடியமையும் பதிவாகியுள்ளது. குளிரும் நோயும் தாக்கி வழியிலேயே இறந்தோர் உளர்.

1857இன் நடுப்பகுதியில் இவ்வாறு நடந்துவந்த ஏறத்தாழ 700 பேர் கொண்ட குழுவொன்று இன்றைய அரராட்டின் அருகே தங்கியது. நீர் தேடியபோதோ ஓய்வெடுத்தபோதோ, அவர்கள் மண்ணில் தங்கத்தைக் கண்டனர். இப்பகுதியில் அதற்கு முன்னரும் சிறு அளவில் தங்கம் கிடைத்ததுண்டு. ஆனால் இது வேறு தரம். பண்டைக் காலத்து ஓடையொன்று மண்ணால் மூடுண்டு, அதன் அடிப்படுகையில் தங்கத் துகள்கள் பல கிலோமீற்றர் நீளத்துக்குப் படிந்து கிடந்தன. ஆழமும் அதிகமில்லை. தங்கள் மாகாணத் தலைநகரின் ஆங்கிலப் பெயரால் அது 'கான்டன் லீட்' என வழங்கலாயிற்று. வரியைத் தவிர்க்கச் சுற்றுவழியில் வந்தவர்களே நேர்வழியில் வந்த எவருக்கும் தட்டுப்படாத செல்வத்தைக் கண்டெடுத்தனர்.

செய்தி பரவிய சில வாரங்களில் ஐரோப்பியச் சுரங்கத்தொழிலாளர் பல்லாயிரவராக வந்து குவிந்தனர். கூடாரங்களும் மதுச்சாலைகளும் கடைகளும் ஒரே பருவத்தில் நகரமாயின. யாருடைய குழி எது என்னும் பிணக்குகளும் எழுந்தன. அந்த ஆண்டு ஜூலையில் வடகிழக்கு விக்டோரியாவின் பக்லண்ட் பள்ளத்தாக்கில் சீனர் தாக்கப்பட்டு, அவர்களின் கூடாரங்களும் கோவிலும் எரிக்கப்பட்டு, பள்ளத்தாக்கிலிருந்தே துரத்தப்பட்டனர். அத்தகைய காலச்சூழலில் ஒரு தங்க வயலைக் கண்டுபிடித்தவர் என்னும் பெருமை எவ்வளவு பாதுகாப்பு அளித்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

சட்டமும் தன் ஓட்டையை அடைக்க விரைந்தது. தென் அவுஸ்திரேலியா 1857இலேயே தானும் இதுபோன்ற சட்டத்தை இயற்றியது. விக்டோரியா சீனருக்கெனத் தனியான வதிவிட உரிமக் கட்டணத்தை விதித்தது. 1859இல் தரைவழியாக நுழைவோருக்கும் வரியை விரிவாக்கியது. தங்க வயல்களிலிருந்த சீனர் கூட்டங்கள் கூட்டி, மனுக்கள் எழுதி, பலர் உரிமம் பெற மறுத்துச் சிறை செல்லவும் துணிந்தனர். அமைதிவழி எதிர்ப்பின் தொடக்க நிகழ்வுகளைப் பட்டியலிடுவோர் இதனையும் சேர்த்துக்கொள்வது முறையாகும். 1860களில் இவ்வரிகள் நீக்கப்பட்டன. 1881இல் பத்துப் பவுண் வரி மீண்டும் வந்தது. இம்முறை நூறு தொன்னுக்கு ஒருவர் என்ற அளவில். 1901இல் புதிய பொதுநலவாயம் இனத்தின் பெயரையே குறிப்பிடாத மற்றொரு உத்தியைக் கையாண்டது. வந்திறங்குபவர் ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியிற் சொல்வதெழுதுதற் சோதனையிற் சித்தியடைதல் வேண்டும். எம்மொழி என்பதை அதிகாரி தெரிவு செய்வார். அச்சோதனை 1958 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது.

இச்சட்டங்களின் விளைவைத் தொகை மதிப்பு அறிக்கைகளிற் காணலாம். 1857இல் விக்டோரியாவின் ஏறத்தாழ 4,10,000 மக்களில் ஏறத்தாழ 25,000 பேர் சீனர். 1861இலும் அத்தொகை அதிகம் மாறவில்லை. ஆனால் அவர்களுட் பெண்கள் பத்துப் பேர்கூட இல்லை. மனைவியும் குழந்தையும் இல்லாத சமூகம் ஒரு தலைமுறைக்கு மேல் நிலைப்பது கடினம். தங்கம் அருகியதும் பலர் ஊர் திரும்பினர். சிலர் காய்கறித் தோட்டம் இட்டனர். சிலர் கடை வைத்தனர். சிலர் முதுமையடைந்து தனியே இறந்தனர். தாம் தொடங்கிவைத்த நகரில் அவர்களின் வழித்தோன்றல்கள் மிகச் சிலரே எஞ்சினர்.

2001இல் நகரில் கம் சான் சீன மரபுரிமை நிலையம் திறக்கப்பட்டது. 'கம் சான்' என்றால் கன்டனீஸ் மொழியிற் 'பொன்மலை'. தென்சீனக் கட்டடக்கலையைத் தழுவிய அக்கட்டடத்தில் றோப் முதல் அரராட் வரையிலான நடைப்பயணம் விளக்கப்படுகின்றது. சிறுவர்கள் தங்கம் அரித்துப் பார்க்கவும் வசதியுண்டு. 2017 மே மாதத்தில், அந்நடையின் 160ஆம் ஆண்டு நிறைவில், சீன வம்சாவளியினர் றோப்பிலிருந்து மெல்பேண் நாடாளுமன்றம் வரை மீண்டும் நடந்தனர். அதன் முடிவில் அன்றைய மாநில முதல்வர் டானியல் அண்ட்றூஸ் அக்காலத்துச் சட்டங்களுக்காக முறைப்படி மன்னிப்புக் கோரினார்.

தங்கத்துக்குப் பின்

தங்கம் தீர்ந்த ஊர்கள் பல விக்டோரியாவில் இன்று ஒரு மதுச்சாலையும் ஒரு நினைவுப் பலகையுமாய்ச் சுருங்கிவிட்டன. அரராட் அவ்வாறு ஆகாமைக்கு முதற் காரணம் அரசு நிறுவனங்கள். 1875இல் பலராட்டிலிருந்து புகையிரதப் பாதை வந்து, நகரம் கிளைப்பாதைகளின் சந்தியாயிற்று. அதற்கு முன்னரே, 1867இல், குன்றின் மேல் பெரிய மனநோய் விடுதியொன்று திறக்கப்பட்டது. பின்னர் அரடேல் எனப் பெயர்பெற்ற அது தோட்டமும் பண்ணையும் சமையற்கூடமும் தையற்கூடமும் கொண்ட தனியூர் போன்றது. நூற்றுக்கணக்கான நோயாளருக்கும் நூற்றுக்கணக்கான ஊழியருக்கும் இடமளித்தது. நகரின் பல குடும்பங்களுக்கு அது தலைமுறை தலைமுறையாகப் பிழைப்பளித்த தொழிலிடம்.

அதன் மறுபக்கம் அவ்வளவு இதமானதன்று. தங்கக் காலத்தில் நீலக்கல்லாற் கட்டப்பட்ட நகரச் சிறைச்சாலை 1880களில் மனநோயுற்ற குற்றவாளிகளுக்கான பிரிவாக மாற்றப்பட்டு 'ஜே வார்ட்' எனப் பெயர் பெற்றது. 1991 வரை இயங்கியது. அங்கு அடைக்கப்பட்டோர் பலர் 'ஆளுநரின் விருப்பம் உள்ளவரை' தடுத்து வைக்கப்பட்டவர்கள். கால எல்லை குறிக்கப்படாத தண்டனைக்குச் சட்டம் இட்ட நாகரிகப் பெயர் அது. வில்லியம் வாலஸ் என்பவர் 1920களில் கொலைக் குற்றச்சாட்டொன்றின் தொடர்பில் இங்கு கொண்டுவரப்பட்டார். குற்றவாளி என எந்த நீதிமன்றமும் அவரைத் தீர்க்கவில்லை. 1989இல், 107ஆம் வயதில் இறக்கும்வரை அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவர் தடுப்பிலேயே இருந்தார். ஆளுநரின் விருப்பம் என்னும் முறையை விக்டோரியா 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஒழித்து, நீதிமன்றம் மீளாய்வு செய்யும் கண்காணிப்பு ஆணைகளைக் கொண்டுவந்தது.

இதனை இங்கு விரித்துக் கூறுவதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. மனநலச் சிகிச்சையை நாடினால் நிரந்தரமாக அடைத்துவிடுவார்கள் என்னும் அச்சம் நம் மூத்தோரிடையே இன்னும் காணப்படுகின்றது. இன்று நடைமுறையிலுள்ள 2022ஆம் ஆண்டின் மனநலம் மற்றும் நல்வாழ்வுச் சட்டத்தின்படி, ஒருவரை அவரின் விருப்பமின்றிச் சிகிச்சைக்கு உட்படுத்தும் ஆணைகள் மனநலத் தீர்ப்பாயத்தின் பரிசீலனைக்கு உரியவை, காலவரையறை கொண்டவை. உரியவர் தம் தரப்பை எடுத்துரைக்கவும், மொழிபெயர்ப்பாளரைக் கோரவும், சட்ட உதவி நாடவும் உரித்துடையவர். அரடேலும் ஜே வார்டும் இன்று வழிகாட்டிகளுடன் சுற்றிப் பார்க்கும் இடங்கள். இரவில் நடத்தப்படும் 'பேய்ச் சுற்றுலா'வைக் காட்டிலும் பகற் சுற்றுலாவே பயனுடையது. துன்புற்றவர்களைப் பேய்களாகக் காட்டுவது அவர்களுக்கு இழைக்கப்படும் இரண்டாவது அநீதி.

இன்றைய அரராட்

சபைப் பகுதி ஏறத்தாழ 4,200 சதுர கிலோமீற்றர் பரப்பளவு கொண்டது. 2021ஆம் ஆண்டுத் தொகை மதிப்பின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 8,500 பேர் நகரிலேயே உள்ளனர். அதாவது சதுர கிலோமீற்றருக்கு மூவர்கூட இல்லை. மக்களின் சராசரி வயது மாநிலச் சராசரியைவிட உயர்ந்தது. ஹொப்கின்ஸ் சிறைச்சாலை, ஈஸ்ட் கிராம்பியன்ஸ் சுகாதாரச் சேவை நடத்தும் வைத்தியசாலை, பள்ளிகள், இறைச்சித் தொழில், பண்ணைகள் ஆகியவை முக்கிய தொழிலிடங்கள். நகருக்கு வெளியே 75 காற்றாலைகளைக் கொண்ட அரராட் காற்றாலைப் பண்ணை 2017 முதல் 240 மெகாவாட் கொள்ளளவுடன் இயங்குகின்றது. பழைய நகர மண்டபத்தில் அமைந்துள்ள கலைக்கூடம் நெசவுக் கலைக்கென்றே தனித்தன்மையுடன் வளர்க்கப்பட்டது. கைத்தறி அறிந்த குடும்பத்தினர் தவறவிடலாகாது.

பயணிகள் புகையிரதம் சில காலம் நிறுத்தப்பட்டிருந்து 2004இல் மீண்டும் தொடங்கியது. மெல்பேண் சதேர்ண் குறொஸ் நிலையத்திலிருந்து பலராட் வழியாக ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். 2023 மார்ச் முதல் மாநிலப் புகையிரதக் கட்டணத்தின் நாள் உச்சம் மெல்பேண் நகரக் கட்டணத்தின் உச்சத்துக்குச் சமமாக்கப்பட்டுள்ளதால், முன்னைய செலவில் சிறு பகுதியே இப்போது தேவை.

கோடையிற் செல்வோரும் அங்கு குடியேற எண்ணுவோரும் காட்டுத்தீயை விளையாட்டாகக் கருதலாகாது. 2024 பெப்ரவரியில் இச்சபைக்குட்பட்ட பொமோனல் என்னும் சிற்றூரில் 40க்கும் மேற்பட்ட வீடுகள் ஒரே நாளில் எரிந்தன. அவ்வாண்டு டிசம்பரில் கிராம்பியன்ஸ் காடுகளில் மூண்ட தீ வாரக்கணக்கில் நீடித்தது. 'விக் எமேர்ஜென்சி' செயலியைக் கைப்பேசியிற் பதிவிறக்கி வைத்தல் நன்று. அதன் தொலைபேசி இலக்கம் 1800 226 226. தமிழில் உரையாட வேண்டுவோர் முதலில் 131 450 என்னும் தேசிய மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, அவ்விலக்கத்துடன் இணைக்குமாறு கேட்கலாம். உயிராபத்து நேரும்போது 000.

குடிபெயர எண்ணுவோர் அறிய வேண்டியவை

சீனரின் வருகையைத் தடுக்கச் சட்டம் இயற்றிய அதே நிலத்துக்கு இன்று சட்டமே குடியேறிகளை அனுப்பிக்கொண்டிருக்கின்றது. துணைவகுப்பு 491 எனப்படும் திறன்சார் பிராந்திய விசா ஐந்து ஆண்டுகளுக்கு வழங்கப்படுவது. அதனைப் பெற்றவர் குறிக்கப்பட்ட பிராந்தியப் பகுதியிலேயே வாழவும் தொழில் செய்யவும் கல்வி கற்கவும் வேண்டும். மெல்பேண் பெருநகர் அப்பகுதிக்குள் அடங்காது; அரராட் அடங்கும். பலராட்டும் ஜீலோங்கும் அடங்கும். ஒரு பிராந்தியப் பகுதியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்குத் தடையில்லை. மூன்று ஆண்டுகள் நிபந்தனைகளைக் கடைப்பிடித்து, அக்காலத்துக்குரிய வருமானவரி மதிப்பீட்டு அறிவித்தல்களையும் வைத்திருப்பவர் துணைவகுப்பு 191 நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

இவ்விரு சட்டங்களையும் ஒரே தராசில் வைப்பது முறையன்று. இன்றைய சட்டம் இனத்தைப் பாராதது. 1975ஆம் ஆண்டின் இனப் பாகுபாட்டுச் சட்டம் அதற்கு வேலியாக நிற்கின்றது. எனினும் ஒருவர் எங்கே உறங்கினார் என்பது அவரது எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் நிலை இரண்டிலும் உண்டு. ஆகவே தொழிலுக்கு அரராட்டிலும் குடும்பத்தோடு மெல்பேணிலுமாக வாழ்வதாகத் திட்டமிடுவோர் கவனமாயிருத்தல் வேண்டும். உறவினரைப் பார்க்க மெல்பேண் வருவதில் தவறில்லை. மெல்பேணில் வீடெடுத்து வாழ்ந்துகொண்டு அரராட் முகவரியைக் காட்டுவது விசா நிபந்தனையை மீறுவதாகும். துணைவருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்கள் அதே விசாவில் வந்திருப்பின், இந்நிபந்தனை பொருந்தும்.

கிராமிய நகரங்களில் வாடகை வீடுகள் குறைவு. வேலை உறுதியாகு முன் வீட்டையும் பள்ளியையும் விசாரித்தல் வேண்டும். தமிழ்ப் பாடசாலையோ கோவிலோ அருகில் இராது. வாரந்தோறும் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்பதைக் கணவனும் மனைவியும் முன்னரே பேசி முடிவு செய்தல் நன்று. வாடகை ஒப்பந்தம், மின்கட்டணப் பற்றுச்சீட்டுகள், சம்பளச் சீட்டுகள், பிள்ளைகளின் பள்ளிப் பதிவு ஆகியவற்றை முதல் மாதத்திலிருந்தே ஒரு கோப்பிற் சேர்த்து வையுங்கள். மூன்று ஆண்டுகளின் பின் அவற்றைத் தேடி எடுப்பது கடினம். விசா பற்றிய ஆலோசனையைப் பதிவுபெற்ற குடிவரவு முகவரிடமோ சட்டத்தரணியிடமோ மட்டுமே பெறுங்கள். முகவர் பதிவுபெற்றவர்தாமா என்பதை, பணம் கொடுக்குமுன், குடிவரவு முகவர் பதிவு அதிகாரசபையின் இணையப் பதிவேட்டில் இலவசமாகச் சரிபார்க்கலாம்.